ஒலியை அளந்த வைத்தியர்: தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்



விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் வாங்கியவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். ஒரு கோப்பையைக் கையில் எடுத்தால் முதலில் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். விண்ணென்று ஒலி நீண்டால் நல்ல கோப்பை. மந்தமாக அடங்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது என்று பொருள். அதே கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தட்டினால் ஒலி சற்றுத் தாழும். இன்னும் ஊற்றினால் இன்னும் தாழும். பீங்கான் கிண்ணங்களில் நீரின் அளவை மாற்றி வைத்து வாசிக்கும் ஜலதரங்கம் இந்த அடிப்படையில் அமைந்ததுதான்.

தண்ணீர் கூடக் கூட ஒலி இறங்கிக்கொண்டே போகிறதென்றால், ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே எத்தனை ஒலிகள் இருக்கின்றன? அவற்றில் எவற்றை மனிதன் பாட்டுக்கென்று எடுத்துக்கொண்டான்? கேட்பதற்கு எளிய கேள்வி. இதற்கு விடை தேடித் தம் உழைப்பையும் பொருளையும் கொட்டியவர் ஒரு தமிழ் வைத்தியர். அவர்தான் தஞ்சாவூர் ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர்.

ஓர் ஆலிம் இசையைப் பற்றி எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது நாம் அறிந்ததே. அந்த விவாதத்துக்குள் இங்கே நாம் போகவில்லை. நாம் பேசப்போவது ஒலியை அளந்த ஒரு மனிதரைப் பற்றியும், அளந்ததைச் சபை முன் வைத்த அவருடைய முறையைப் பற்றியும்தான். அவர் கிறிஸ்தவர். ஆனாலும் அவரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

ஆசிரியரும் வைத்தியரும்

தென்காசிக்கு அருகே சாம்பவர் வடகரை என்ற ஊரில் 1859 ஆகஸ்ட் 2 அன்று பிறந்தார் ஆபிரகாம். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்று அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றினார். சடையாண்டி பத்தர் என்பவரிடம் இசை கற்றதும் அந்த ஊரில்தான். இசையைப் போலவே மூலிகை மருத்துவமும் இளமையிலேயே அவரைப் பற்றிக்கொண்டது. சுருளி மலைப் பகுதியில் கருணானந்தர் என்ற துறவியிடம் சித்த மருத்துவ நுட்பங்களைப் பெற்றார்.

1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். மறுவருடம் இருவரும் தஞ்சாவூருக்கு வந்து ஒரே பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார்கள். 1890-ல் அந்த வேலையை விட்டு முழுநேர வைத்தியரானார். குருவின் நினைவாகக் கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்று பெயரிட்டு அவர் செய்து விற்ற மருந்துகள் வெகுதூரம் பெயர் பெற்றன. தஞ்சைக்கு அருகே நிலம் வாங்கி மூலிகைகளும் கரும்பும் பயிரிட்டார். 1909-ல் ஆங்கில அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் வழங்கியது.

பணமும் பெயரும் வந்துவிட்டன. பலர் அதோடு நின்றிருப்பார்கள். பண்டிதரோ அந்தப் பணத்தை யாருக்கும் லாபம் தராத ஒரு கேள்வியின் மீது செலவிடத் தொடங்கினார்.

இருபத்திரண்டா, இருபத்து நான்கா?

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கீழ் ஸட்ஜமத்திலிருந்து மேல் ஸட்ஜமம் வரை உள்ள இடைவெளிக்கு ஸ்தாயி என்று பெயர். மேல் ஸட்ஜமத்தின் அதிர்வு கீழ் ஸட்ஜமத்தைப் போல் சரியாக இரு மடங்கு. இந்த இடைவெளியை எத்தனை சுருதிகளாகப் பிரிப்பது? வடமொழி நூல்களான நாட்டிய சாஸ்திரமும் சங்கீத ரத்னாகரமும் 22 என்கின்றன. சிலப்பதிகார உரைகளிலும் ஏழு சுரங்களுக்கு உரிய அலகுகளைக் கூட்டினால் 22 வருகிறது. அந்தப் பிரிவுகள் எல்லாம் ஒரே அளவா, சிறிதும் பெரிதுமா, ஒவ்வொன்றும் எவ்வளவு என்பதில் அறிஞர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள்.

பண்டிதர் வீணைத் தந்தியை அளந்தார். மடக்கை வாய்ப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டார். ஸ்தாயி 22 அல்ல, 24 சம பங்குகள் என்பது அவர் கண்ட முடிவு. பழந்தமிழர் பாலைகளை நான்காக வகுத்தார்கள் என்றும், ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என்று நுட்பம் இரட்டித்துக்கொண்டே போகிறது என்றும் விளக்கினார். 22 என்ற எண், 24-லிருந்து இரண்டு அலகு குறைத்துப் பாடிய முறையால் வந்தது என்பது அவர் வாதம்.

சம பங்கு என்பதைத் தவறாக எண்ணிவிடக் கூடாது. 32 அங்குலத் தந்தி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேல் ஸட்ஜமம் 16-ஆவது அங்குலத்தில், அதாவது பாதியில் பேசும். எஞ்சிய 16 அங்குலத்தை அளவுகோலால் 24 சம துண்டாக்கினால் தவறாகிவிடும். அதிர்வு ஒவ்வொரு படியிலும் ஒரே விகிதத்தில், சுமார் 1.0293 மடங்கு, கூட வேண்டும். அப்படி வைத்தால் முதல் படிக்குத் தந்தியில் 0.91 அங்குலம் தேவைப்படும். கடைசிப் படிக்கு 0.47 அங்குலமே போதும். கண்ணுக்குச் சமமில்லாதது காதுக்குச் சமமாக இருக்கிறது. மடக்கைக் கணக்கு அவருக்குத் தேவைப்பட்டது இதனால்தான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஸட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள உறவு ஒன்றுக்கு ஒன்றரை. ஒன்றரையால் பன்னிரண்டு முறை பெருக்கிக்கொண்டே போனால் எல்லாச் சுரங்களையும் சுற்றி, ஏழு ஸ்தாயி தாண்டி, மீண்டும் ஸட்ஜமத்துக்கு வந்து சேர வேண்டும். ஏழு ஸ்தாயி என்றால் 128 மடங்கு. பெருக்கிப் பார்த்தால் 129.75 வருகிறது. வட்டம் மூடவில்லை! அந்தச் சிறு மிச்சத்தை எல்லாப் படிகளுக்கும் சமமாகப் பங்கிட்டால்தான் வட்டம் மூடும். பியானோவும் ஆர்மோனியமும் 12 பங்காக அதைத்தான் செய்கின்றன. பண்டிதரின் 24, அதன் ஒவ்வொரு பங்கையும் மீண்டும் இரண்டாக்குகிறது.

சபை முன் வைத்த கணக்கு

தம் முடிவைப் புத்தகமாக அச்சிட்டுவிட்டு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1912-ல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். தம் சொந்தச் செலவில் ஏழு இசை மாநாடுகளைக் கூட்டினார். வித்வான்களை அழைத்து, உபசரித்து, அவர்கள் முன் தம் கருத்தைச் சொல்லி, மறுப்பவர்களை மறுக்க விட்டார்.

1916 மார்ச்சில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவில் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. பண்டிதர் தஞ்சையிலிருந்து அவ்வளவு தூரம் குடும்பத்தோடு போனார். அவர் கணக்கை விளக்க, அவர் குடும்பத்துப் பெண்கள் வீணையில் இசைத்துக் காட்டினார்கள். பம்பாய் மாகாணத்தில் நீதிபதியாக இருந்த கிளெமென்ட்ஸும், கிருஷ்ணாஜி பல்லாள் தேவலும் எதிர்த் தரப்பு. 22 சுருதிகள் உண்டு, அவை சமமானவை அல்ல என்பது அவர்கள் நிலை. அதற்கென்றே ஓர் ஆர்மோனியத்தையும் வடிவமைத்திருந்தார்கள். அவர்களுடைய ஆய்வுக்குத் தம் குரலால் உதவியவர் உஸ்தாத் அப்துல் கரீம் கான். 1937-ல் சென்னைக்கு அருகே சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் இறந்தவர் இதே அப்துல் கரீம் கான்தான்.

மாநாடு பண்டிதரின் 24-ஐ ஏற்றுத் தீர்மானம் போடவில்லை. அவர் தளரவில்லை. மறுவருடம், 1917-ல், தஞ்சையில் தாமே நிறுவிய அச்சகத்தில் கருணாமிர்த சாகரம் என்ற நூலை அச்சிட்டு வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். 1919 ஆகஸ்ட் 31 அன்று தம் அறுபதாவது வயதில் காலமானார். ராகங்கள் பற்றிய இரண்டாம் பாகம் 1946-ல்தான் வெளிவந்தது.

பாக்தாதும் கெய்ரோவும்

இதே கேள்வி நம் முன்னோர்களையும் விட்டுவைக்கவில்லை. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவ அறிஞர் அல்ஃபாராபி, கம்பிகளில் எந்த இடத்தில் விரல் வைத்தால் எந்த விகிதம் பிறக்கும் என்று விரிவாக எழுதினார். கடைசி அப்பாஸியக் கலீஃபாவின் அரண்மனையில் பணியாற்றிய ஸஃபியுத்தீன் அல்உர்மவி, ஸ்தாயியில் 17 இடங்களைக் குறித்தார். அவருடைய பங்குகள் சமமானவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் லெபனானின் மிகாயீல் மிஷாக்கா என்ற கிறிஸ்தவ அறிஞர் 24 சம காற்சுரங்கள் என்ற முறையை விளக்கினார். அவரும் பண்டிதரைப் போல் மருத்துவர் என்பது ஆச்சரியம்!

1932-ல் கெய்ரோவில் மன்னர் ஃபுவாத் ஆதரவில் அரபு இசை மாநாடு கூடியது. அங்கேயும் 24 சம பங்கு சரியா என்று சர்ச்சை எழுந்தது. அங்கேயும் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. பண்டிதர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு மொழியில், அதே எண்ணைச் சுற்றி அதே வாதம்.

எகிப்திய காரிகளின் கிராஅத்தை நம் வீடுகளில் கேட்கிறோம். அதில் ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையிலும் அகப்படாத ஓர் ஒலி வந்து மனத்தை உருக்கும். இரண்டு கட்டைகளுக்கு ஏறத்தாழ நடுவில் விழும் ஒலி அது. காற்சுரம் என்று அவர்கள் வாதிட்டதை நம் பிள்ளைகள் தினமும் காதால் அறிந்திருக்கிறார்கள்.

சரியா, தவறா?

பண்டிதர் சொன்னது சரிதானா? நேர்மையாகச் சொன்னால், முழுவதும் நிலைபெறவில்லை. ஸ்தாயியை 1200 நுண்பங்காக்கும் சென்ட் என்ற அளவு உண்டு. அதன்படி பண்டிதரின் ஒரு பங்கு 50 சென்ட். பஞ்சமம் இயற்கையில் 702, அவர் கணக்கில் 700. இதைக் காது பொறுத்துக்கொள்ளும். இயற்கையான அந்தர காந்தாரமோ 386, அவர் கணக்கில் 400. பதினான்கு சென்ட் வித்தியாசத்தைத் தேர்ந்த காது கண்டுகொள்ளும். மேலும் நம் பாடகர்கள் ஒரு சுரத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்பதில்லை. அசைத்தும் வழுக்கியும் பாடுகிறார்கள். பின்னாளில் யாழ் நூல் எழுதிய விபுலானந்த அடிகளும் 22 அலகு வழியில்தான் போனார்.

அப்படியானால் அவர் உழைப்பு வீணா? இல்லை. பழந்தமிழ் இசையைக் கணக்கோடு ஆராயலாம் என்று காட்டியவர் அவர். அவருக்குப் பின் தமிழிசை ஆய்வில் இறங்கியவர்கள், அவரை ஏற்றாலும் மறுத்தாலும், அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

நாம் பெரிதாக மதிப்பது இன்னொன்றை. 22 என்று சொன்னவர்களின் கணக்குகளை அவர் தம் நூலில் ஒளிக்கவில்லை. ஒவ்வொருவர் கருத்தையும் எடுத்துவைத்து, அவர்கள் தந்த அளவுகளை அட்டவணையாகப் போட்டு, பிறகுதான் தம் மறுப்பை எழுதினார். அவர் கணக்கு தவறு என்று காட்ட விரும்புகிறவருக்கும் வேண்டிய எண்கள் அந்த நூலிலேயே கிடைக்கும்.

மதரஸாவில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தத்துவவாதிகளை மறுப்பதற்கு முன், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைத் தனி நூலாகவே எழுதினார்கள். அதைப் படித்துவிட்டுக் கஸ்ஸாலியையே தத்துவவாதி என்று எண்ணியவர்களும் உண்டு. எதிராளியின் வாதத்தை அவ்வளவு நேர்மையாகச் சொல்லியிருந்தார்கள்.

இன்று நம் நிலை என்ன? மாற்றுக் கருத்துடையவரின் நூலைத் திறந்தே பார்க்காமல், வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு நிமிடத் துண்டை வைத்து மறுப்புரை ஆற்றுகிறோம். குறை சொல்வது மற்றவர்களை மட்டுமல்ல. மிம்பரில் நின்று நாமும் அப்படிப் பேசியதுண்டு, பின்பு அந்த நூலைப் படித்து வெட்கப்பட்டதுமுண்டு. ஒரு ஸ்தாயியில் எத்தனை அலகு என்ற, யாருடைய ஈருலக வாழ்வையும் பாதிக்காத கேள்விக்கே ஒருவர் இத்தனை நியாயமாக அளந்திருக்கிறார். மார்க்கம் பேசும் நாம் எவ்வளவு நியாயமாக அளக்க வேண்டும்!

கோப்பையை வாங்கும் முன் தட்டிப் பார்க்கிறோம். அடுத்தவருக்கு எதிராக ஒரு வாதத்தை எடுக்கும் முன்பும் அதைத் தட்டிப் பார்ப்போம். கீறல் இருந்தால் நம் காதுக்கே தெரிந்துவிடும்.

அளவையிலும் நிறுவையிலும் சொல்லிலும் நீதி தவறாதவர்களாக அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.