வினாவை விடாத மேதை

அமெரிக்காவில் வாங்கிய துளையிடும் கருவியை நம் வீட்டு மின்னிணைப்பில் அப்படியே பொருத்தினால், அது சிறிது நேரத்தில் கருகிவிடும். அங்கு வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 120 வோல்ட். இங்கு 230 வோல்ட். தக்க மின்மாற்றியை இடையில் வைத்தால் அக்கருவி தீங்கின்றி இயங்கும். மின்மாற்றி வேலை செய்வது மாறுதிசை மின்னோட்டத்தில்தான். அம்மின்னோட்டத்தால் எந்திரங்களை இயக்க வழிகண்டவர்களுள் தலைசிறந்தவர் நிகோலா டெஸ்லா.

அவர் 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10ஆம் நாள், இன்றைய குரோவாசியா நாட்டிலுள்ள சிமில்யான் என்னும் சிற்றூரில், செர்பியக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை சமயகுரு. தாய் எழுதப் படிக்க அறியாதவர். எனினும் வீட்டுக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் கைத்திறம் உடையவர்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் டெஸ்லா பயின்றபோது, ஆசிரியர் நேர்திசை மின்னோட்டத்தால் இயங்கும் எந்திரம் ஒன்றை வகுப்பில் இயக்கிக் காட்டினார். சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் தூரிகைகளில் தீப்பொறி பறந்தது. தூரிகைகள் இல்லாமல் எந்திரத்தை இயக்க முடியாதா என்று டெஸ்லா வினவினார். அது ஒருபோதும் இயலாது என்று ஆசிரியர் மறுத்தார். ஆயினும் அவ்வினா மாணவரின் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

1882ஆம் ஆண்டு, புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் நண்பருடன் உலவியபோது விடை தோன்றியது. உடனே கோலால் மணலில் வரைந்து காட்டினார். ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் தொடும் மாறுதிசை மின்னோட்டங்களைக் கம்பிச்சுருள்களில் செலுத்தினால் காந்தப்புலம் சுழலும். அதனைப் பின்தொடர்ந்து நடுவிலுள்ள உருளையும் சுழலும். தூரிகையும் வேண்டா, தீப்பொறியும் இல்லை.

1884ஆம் ஆண்டு டெஸ்லா நியூயார்க் சென்று, புகழ்பெற்ற எடிசனின் நிறுவனத்தில் சில மாதங்கள் பணியாற்றி விலகினார். பின்னர்க் கூட்டாளிகள் கைவிட்டமையால், பள்ளம் தோண்டும் கூலிவேலையும் செய்ய நேர்ந்தது. அந்நிலையிலும் தம் கருத்தை அவர் கைவிடவில்லை. 1888ஆம் ஆண்டு அவருடைய மோட்டாருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதனைப் பயன்படுத்தும் உரிமையை வெஸ்டிங்ஹவுஸ் என்னும் தொழிலதிபர் பெற்றார்.

எடிசன் நேர்திசை மின்னோட்டத்தையே ஆதரித்தார். மாறுதிசை மின்னோட்டம் ஆபத்தானது என்று எதிர்த்தார். ஆனால் அவருடைய குறைந்த அழுத்த மின்சாரம் நெடுந்தொலைவு செல்ல இயலாது. கம்பியிலேயே பெரும்பகுதி வெப்பமாகி வீணாகும். மாறுதிசை மின்சாரத்தையோ மின்மாற்றியால் உயர் அழுத்தமாக்கி அனுப்பி, சேருமிடத்தில் குறைத்துக்கொள்ளலாம். 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சி அதனால் ஒளிர்ந்தது. 1896ஆம் ஆண்டு நயாகரா அருவியின் ஆற்றல் 30 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பஃபலோ நகரை அடைந்தது.

இடையே, 1895ஆம் ஆண்டு டெஸ்லாவின் ஆய்வகம் தீக்கிரையாயிற்று. அவர் மீண்டும் முயன்றார். எனினும் பிற்காலத்தில் வறுமையுற்றார். 1943ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள், நியூயார்க் விடுதி அறை ஒன்றில் தனிமையில் மறைந்தார். 1960ஆம் ஆண்டு காந்தப்புலச் செறிவின் அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது.

இன்று நாட்டுக்கு நாடு மின்னழுத்தம் வேறுபடுகிறது. ஆயினும் தூரிகையின்றிச் சுழலும் மோட்டார்கள் எல்லா நாடுகளிலும் நீர் இறைக்கின்றன, ஆலைகளை இயக்குகின்றன. இயலாது என்ற சொல்லுக்கு ஒரு மாணவர் அடங்கியிருந்தால், அவை உலகிற்கு இன்னும் காலந்தாழ்ந்தே கிடைத்திருக்கும்.