பின்வாசல் முதல் செவ்வாய் வரை

விஞ்ஞானப் புனைகதை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவை விண்கலங்களும், பளபளக்கும் உடை தரித்த வீரர்களும், அவர்கள் சென்று இறங்கும் விந்தை உலகங்களுமே. அந்தக் கலத்தில் ஏறிச் செல்பவர்கள் யார், ஏற்றப்படாமல் விடப்பட்டவர்கள் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கறுப்பினப் பெண்ணுக்கு அதில் இடமே இல்லாதிருந்த காலத்தில், எழுதி எழுதியே அந்த இடத்தைப் பிடித்தவர், வீட்டு வேலை செய்து பிழைத்த ஒரு தாயின் மகள். அவர்தாம் ஆக்டேவியா எஸ்டெல் பட்லர்.

1947-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பசடீனா நகரில் அவர் பிறந்தார். தந்தையார் காலணிகளுக்கு மெருகு போடும் தொழிலாளி. அவர் மகளின் சிறு வயதிலேயே காலமானார். தாயும் பாட்டியுமே குழந்தையை வளர்த்தனர். தாயார் வெள்ளையர் இல்லங்களில் பணிப்பெண்ணாக வேலை செய்தார். சில நாள்களில் மகளையும் உடன் அழைத்துச் செல்வார். இருவரும் பின்வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். தாயின் காதில் விழும்படியே அவரை இழிவாகப் பேசுவார்கள். அவரோ எதுவும் கேளாதவர் போலத் தம் வேலையைச் செய்துகொண்டிருப்பார். அதைக் கண்ட சிறுமிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் பேசியவர்கள் மேல் மட்டுமன்று, பொறுத்துக்கொண்ட தாயின் மேலும்தான்.

ஆனால், அந்தத் தாய்தான் அவ்வீடுகளில் வேண்டாமென்று எறிந்த புத்தகங்களையும் இதழ்களையும் பொறுக்கி வந்து மகளுக்குத் தந்தார். பத்து வயதில் மகள் தட்டச்சுப்பொறி வேண்டுமென்று கேட்டபோது, அந்த ஏழ்மையிலும் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். மகளுக்கோ எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதிலேயே இயற்கையாக ஒரு குறை இருந்தது. வயதை மீறிய உயரம், அதனால் கூச்சம், அதனால் தனிமை. பசடீனாப் பொது நூலகமே அவருக்குத் தோழியாயிற்று.

பன்னிரண்டு வயதில் ஒரு நாள் தொலைக்காட்சியில் ஒரு திரைப்படம் பார்த்தார். 'டெவில் கேர்ள் ஃப்ரம் மார்ஸ்' என்னும் அந்த ஆங்கிலப் படம் 1954-இல் வெளிவந்தது. செவ்வாய்க் கோளிலிருந்து கறுப்புத் தோலாடை அணிந்த ஒரு வெள்ளைக்கார நங்கை, தன் உலகில் ஆண்கள் குறைந்துவிட்டதால் பூமியிலிருந்து ஆண்களைப் பிடித்துச் செல்ல ஸ்காட்லாந்துக்கு வந்து இறங்குகிறாள். இதுதான் கதை! இதைவிட நல்ல கதை தம்மால் எழுத முடியும் என்று சிறுமி முடிவு செய்தார். இப்படி ஓர் அபத்தத்தை எழுதியும் ஒருவர் பணம் பெற்றிருக்கிறார் என்ற உண்மையும் அவருக்கு உறைத்தது. கெட்ட படங்களாலும் உலகுக்கு நன்மை உண்டு போலும்!

அக்காலத் தொலைக்காட்சியில் கறுப்பினப் பெண்ணின் நிலை என்ன? 1950-இல் தொடங்கிய 'பியூலா' என்ற தொடரின் தலைவி கறுப்பினத்தவள்தான். ஆனால் அவளும் ஒரு வெள்ளையர் வீட்டின் பணிப்பெண். பட்லரின் தாய் பகலெல்லாம் செய்த வேலையையே திரையும் காட்டியது; அவர் பட்ட அவமானத்தை மட்டும் விட்டுவிட்டுச் சிரிப்பாகக் காட்டியது. 1966 செப்டம்பரில் 'ஸ்டார் டிரெக்' தொடர் ஆரம்பமாயிற்று. அதில் நிஷெல் நிக்கல்ஸ் என்ற நடிகையார் ஊரா என்ற தகவல் தொடர்பு அதிகாரியாக விண்கலத்தின் தலைமைத் தளத்தில் அமர்ந்தார். இது பெரிய மாறுதல் என்பதில் ஐயமில்லை. எனினும், பல நாள் அவருடைய பணி வரும் அழைப்பைச் சொல்வதும் போகும் அழைப்பை இணைப்பதுமாகவே முடிந்துவிடும். அந்தப் பாத்திரத்துக்கு முழுப்பெயர் கூடத் திரையில் சொல்லப்படவில்லை. அதற்கு 2009-ஆம் ஆண்டுத் திரைப்படம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இருக்கை கிடைத்தது, வாழ்க்கை கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

பட்லர் பசடீனா நகரக் கல்லூரியில் படித்து 1968-இல் தேறினார். அங்கே நடந்த சிறுகதைப் போட்டியில் வென்று பெற்ற 15 டாலரே அவருடைய எழுத்தின் முதல் வருவாய். பிறகு திரைக்கதை எழுத்தாளர் சங்கம் நடத்திய பயிற்சி வகுப்பில் ஹார்லன் எலிசன் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் அவருடைய திறமையைக் கண்டுகொண்டார். அவர் தூண்டுதலால் 1970-இல் கிளாரியன் பயிலரங்குக்குச் சென்றார். அடுத்த ஆண்டு முதற்கதை அச்சேறியது. பின்னர் ஐந்தாண்டுகள் வறட்சிதான். பாத்திரம் கழுவினார், தொலைபேசியில் பொருள் விற்றார், உருளைக்கிழங்கு வறுவல் தொழிற்சாலையில் தரம் பார்த்தார். அதிகாலை இரண்டு மணிக்கே எழுந்து எழுதிவிட்டு வேலைக்குப் போவார். 1976-இல் 'பேட்டர்ன்மாஸ்டர்' என்ற முதல் நாவல் வெளிவந்தது.

1978-இல் வந்த 'சர்வைவர்' என்ற நாவலைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அதை மறுபதிப்புச் செய்ய அவர் ஒப்புக்கொள்ளவேயில்லை. மனிதர் வேற்றுலகம் சென்று அங்குள்ளோரைத் தம்மினும் தாழ்ந்தவராகக் காணும் பழைய கதையைத் தாமும் எழுதிவிட்டதாக வருந்தி, அதனைத் தம்முடைய 'ஸ்டார் டிரெக்' நாவல் என்று கேலியாகக் குறிப்பிடுவார். தாம் எழுதியதையே தள்ளி வைக்கும் துணிவு எத்தனை எழுத்தாளருக்கு வரும்?

இனி, அவருடைய தலைசிறந்த படைப்புக்கு வருவோம். கல்லூரி நாள்களில் உடன் பயின்ற ஒரு கறுப்பின இளைஞர், அடங்கி ஒடுங்கி வாழ்ந்த மூத்த தலைமுறைதான் தம் மக்களை இத்தனை காலம் பின்னுக்கு இழுத்துவிட்டது என்று வெறுப்போடு பேசினார். முந்தைய தலைமுறையை ஒழித்துக்கட்ட விருப்பம், ஆனால் தம் பெற்றோரிலிருந்து தொடங்க வேண்டுமே என்பதுதான் தடை என்றார். பட்லருக்குத் தம் தாயின் நினைவு வந்தது. அன்று தாய் வாய் திறந்து எதிர்த்திருந்தால் வேலை போயிருக்கும். வேலை போயிருந்தால் மகளுக்குச் சோறு இல்லை. அந்த மௌனத்துக்குள் இருந்த வீரத்தை அந்த இளைஞருக்கு எப்படி விளக்குவது? (கல்லூரி விண்ணப்பத்தில் என் தாயார் பெருவிரல் ரேகை வைத்தபோது, வரிசையில் நின்றவர்கள் யாரேனும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தவன் நான். ஆகவே அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.)

அதற்கு விடையாகவே 1979-இல் 'கிண்ட்ரெட்' பிறந்தது. உற்றார் உறவினர் என்பது அச்சொல்லின் பொருள். 1976-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் வாழும் டேனா என்ற படித்த கறுப்பினப் பெண், காரணம் தெரியாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த மேரிலாந்து அடிமைப் பண்ணைக்கு இழுக்கப்படுகிறாள். அங்குள்ள வெள்ளை எஜமானனின் மகன், அவளுடைய மூதாதையருள் ஒருவன். அவன் உயிருக்கு ஆபத்து நேரும்போதெல்லாம் அவள் போய்க் காப்பாற்ற வேண்டும். இல்லையேல் அவள் குலமே பிறவாது. காலத்தைக் கடக்கும் எந்திரம் எதுவும் கதையில் இல்லை. சாட்டையடி உண்டு. முன்னோர் ஏன் பொறுத்தார்கள் என்பதைத் தன் முதுகில் அடி விழும்போது அவள் அறிகிறாள். முதலில் ஓர் ஆணையே தலைவனாக்கி எழுதத் தொடங்கினாராம் பட்லர். நிமிர்ந்து நோக்கும் பழக்கமுள்ள ஒரு கறுப்பின ஆண் அப்பண்ணையில் உயிரோடு இருக்க முடியாது என்று கண்ட பிறகே பெண்ணாக மாற்றினார். இதனை எழுதுவதற்காகவே மேரிலாந்துக்குப் பேருந்தில் பயணம் செய்து, பழைய பண்ணைப் பகுதிகளைப் பார்த்து வந்தார்.

பரிசுகள் வந்தன. 1984-இல் 'ஸ்பீச் சவுண்ட்ஸ்' என்ற சிறுகதைக்கும், அடுத்த ஆண்டு 'பிளட்சைல்ட்' என்ற குறுநாவலுக்கும் ஹியூகோ விருதுகள் கிடைத்தன. ஆயினும், 1987-இல் நடந்ததைப் பாருங்கள். 'டான்' என்ற நாவலின் தலைவி லிலித், பூமி அழிந்தபின் வேற்றுக்கோளினரால் காப்பாற்றப்படும் கறுப்பினப் பெண். நூலுள் அது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. அட்டையில் அச்சான லிலித்தோ வெள்ளைக்காரி! எழுதியவர் இன்னார் என்று தெரிந்தும், கதையை உள்ளே வைத்துக்கொண்டும், மேலட்டையில் நிறத்தை மாற்றியிருந்தார்கள். தொலைக்காட்சி செய்ததையே அச்சகமும் செய்தது.

1995-இல் மெக்கார்தர் அறக்கட்டளையின் 2,95,000 டாலர் நல்கை அவருக்குக் கிடைத்தது. விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. 2006 பிப்ரவரி 24-ஆம் நாள், சியாட்டில் அருகே தம் இல்லத்துக்கு வெளியே, 58-ஆம் வயதில் அவர் காலமானார்.

தம் நூல்கள் அதிகம் விற்கும் நூல்களின் பட்டியலில் இடம்பெறும் என்று 1988-இல் குறிப்பேடு ஒன்றில் தமக்குத் தாமே உறுதி எழுதி வைத்திருந்தார். தீப்பற்றி எரியும் 2024-ஆம் ஆண்டுக் கலிபோர்னியாவைக் கற்பனை செய்து அவர் 1993-இல் எழுதிய 'பேரபிள் ஆஃப் தி சோவர்', 2020-இல் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் ஏறியது. பார்க்க அவர் இல்லை. 2021 பிப்ரவரி 18-இல் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயின் ஜெசரோ பள்ளத்தில் இறங்கியது. அந்த இறங்கு தளத்துக்கு நாசா நிறுவனம் ஆக்டேவியா பட்லர் பெயரையே சூட்டியது. அவ்வூர்தியை உருவாக்கிய ஜெட் உந்து ஆய்வகம் இருப்பதும் அவர் பின்வாசல்களில் நுழைந்த அதே பசடீனாவில்தான்.

தொலைக்காட்சி மட்டும் தாமதமாகவே வந்தது. 'கிண்ட்ரெட்' நாவல் 2022 டிசம்பரில் எட்டுப் பகுதிகள் கொண்ட தொடராக வெளியாயிற்று. மல்லோரி ஜான்சன் என்ற நடிகையார் டேனாவாக நடித்தார். கதை நடுவழியில் இருக்கும்போதே, மறு மாதம் அத்தொடர் கைவிடப்பட்டது. டேனா ஊர் திரும்பினாளா, திரும்பியபோது எதை இழந்திருந்தாள் என்பதை அறிய விரும்புவோர் 1979-ஆம் ஆண்டு நூலைத்தான் எடுத்துப் படிக்க வேண்டும்.