வெப்பத்தால் அணுவை எடையிட்டவர்

பிரான்சின் ரூவான் நகரில் 1785ஆம் ஆண்டு பிறந்த பியர் லூயி துலோங், இளமையிலேயே பெற்றோரை இழந்து அத்தையிடம் வளர்ந்தார். மருத்துவராகிப் பாரிசின் ஏழைகளிடம் கட்டணம் பெறாததோடு, அவர்களுக்கான மருந்தையும் தம் செலவிலேயே வழங்கினார். அத்தொழில் நெடுநாள் நிலைக்காததில் வியப்பில்லை! பின்னர் அவர் வேதியியலுக்கு வந்தார்.

1811இல் அவர் கண்டறிந்த நைட்ரஜன் ட்ரைகுளோரைடு, சிறு தூண்டலிலும் வெடிக்கும் எண்ணெய் போன்ற சேர்மம். அது அவருடைய ஒரு கண்ணின் பார்வையையும் விரல்களையும் பறித்தது. காயம் ஆறியதும் அதனையே மீண்டும் ஆராய்ந்தார்.

எஞ்சிய ஒற்றைக்கண் பார்வையோடுதான் மிக நுட்பமான வெப்ப அளவீடுகளில் இறங்கினார். அலெக்சி பெத்தி என்னும் இளம் இயற்பியலாளர் உடன்நின்றார். உலோகத்தூளைச் சிறு கலத்தில் இட்டுச் சூடேற்றி, காற்று நீக்கிய கூட்டினுள் வைத்து, அது குளிரும் நேரத்தைக் கொண்டு தன்வெப்ப ஏற்புத்திறனைக் கணித்தனர். காரீய அணு இரும்பு அணுவைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கனமானது. ஆனால், ஒரு கிராம் காரீயத்தைச் சூடேற்ற, அதே அளவு இரும்புக்கு வேண்டிய வெப்பத்தில் ஏறத்தாழக் கால்பங்கே போதும். தங்கம், செம்பு, வெள்ளி என எதனை எடுத்தாலும் தன்வெப்ப ஏற்புத்திறன், அணு எடை ஆகியவற்றின் பெருக்கற்பலன் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. எனவே, உலோகத்தின் வெப்பத்தை அளந்தே அதன் அணு எடையைச் சரிபார்க்க இயன்றது. 1819இல் வெளியான இவ்விதியால், காரீயத்தின் அணு எடையை அன்று வழங்கியதில் பாதியாகத் திருத்தினர். வைரம் இதற்கு அடங்காத காரணத்தை 1907இல் ஐன்ஸ்டைன் விளக்கினார்.

மறு ஆண்டே பெத்தி, முப்பது வயதை எட்டும் முன்னர்க் காசநோயால் மறைந்தார். துலோங், அரகோவுடன் சேர்ந்து நீராவியின் அழுத்தத்தை 24 வளிமண்டல அழுத்தம்வரை அளந்தார். அதுவும் உயிருக்கு அச்சமூட்டும் பணியே. ஆய்வுக்கருவிகளுக்கே பொருளையெல்லாம் செலவிட்ட அவர், 1838இல் மறைந்தபோது குடும்பத்துக்கு விட்டுச்சென்ற செல்வம் மிகச் சொற்பம்.