வலியைத் தேடிய மருத்துவர்

கிடர்பூர்த் துறைமுகத்தின் பளுதூக்கிகளையும் கப்பல்களையும் கண்டு வளரும் மாணவர்களாகிய உங்களுக்குக் கொல்லிமலை என்பது சங்கப் பாடல்களோடு மட்டும் தொடர்புடைய பெயராக இருக்கலாம். வல்வில் ஓரி ஆண்ட அம்மலையில்தான் 1914ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பால் பிராண்ட் பிறந்தார். ஆங்கிலேயர்களான அவருடைய பெற்றோர் ஜெசியும் எவெலினும் மலைவாழ் மக்களுக்குத் தொண்டு செய்ய வந்தவர்கள். வெறுங்காலுடன் பாறைகளில் ஓடியும் மரங்களில் ஏறியும் வளர்ந்த அச்சிறுவனின் காலில் முள் தைக்காத நாள் அரிது. முள் தைத்தால் வலிக்கும், வலித்தால் பிடுங்கி எறியலாம். இந்த எளிய செய்தியின் பொருள் அவருக்கு விளங்கப் பல்லாண்டுகள் ஆயின.

ஒன்பதாம் வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை கொல்லிமலையில் காய்ச்சலால் இறந்தார். ஆறாண்டுகளாகக் காணாத தந்தையின் மறைவை மகன் தொலைவிலிருந்தே அறிந்தான். மருத்துவராக விரும்பாத பிராண்ட் முதலில் கற்றது தச்சுவேலையும் கட்டட வேலையுமே. பின்னரே இலண்டனில் மருத்துவம் பயின்று, உலகப்போரின் குண்டுவீச்சில் காயமுற்றோருக்கு அறுவை மருத்துவம் செய்தார். உளி பிடித்த காலம் வீண் என்று அவரே அன்று எண்ணியிருக்கக்கூடும்.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். அடுத்து, தொழுநோய் மருத்துவத்தில் புகழ்பெற்ற இராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டை அடுத்த திருமணி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். விரல்கள் மடங்கிப்போன கைகளை அங்கே கண்ட பிராண்ட், ஒரு நோயாளியிடம் தம் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். வலுவற்றது என்று அவர் கருதிய அந்தக் கை இரும்புப் பிடியாய் இறுகியது. தசை கெடவில்லை, அப்படியானால் கெட்டது எது? உடலின் பிற உறுப்புகளைச் சீர்செய்யும் அறுவை மருத்துவர்கள் இந்தக் கைகளை மட்டும் ஏன் தொடவில்லை?

தொழுநோயாளியின் சதை இயல்பாகவே அழுகுவது, அதில் உண்டாகும் புண் ஆறாது என்பதே அந்நாளைய மருத்துவர் பலரின் எண்ணம். நோயின் கிருமி தாக்குவது நரம்புகளை என்பதையும், நரம்பு மரத்தபின் ஏற்படும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்பதையும் பிராண்ட் படிப்படியாகக் கண்டறிந்தார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க அவர் திணறியபோது ஒரு சிறுவன் எளிதாகத் திறந்தான். சாவி அவன் விரலை எலும்புவரை அறுத்திருந்தும் அவன் அதை உணரவேயில்லை. சிலருடைய விரல்நுனிகள் இரவோடு இரவாகக் குறைந்ததன் காரணமும் பின்னர் வெளிப்பட்டது. உறங்குவோரின் உணர்வற்ற விரல்களை எலிகள் கடித்துக்கொண்டிருந்தன. மருந்தால் தீராத அச்சிக்கலைத் தீர்க்க நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன!

கைகளைவிடக் கால்களே அவரைப் பெரிதும் வருத்தின. காலணிக்குள் சிறு கல் ஒன்றை இட்டு நடந்து பாருங்கள். நான்கு அடிக்குள் நீங்கள் நொண்டுவீர்கள். உடலின் எடையை வேறு பக்கம் சாய்ப்பீர்கள். உணர்விழந்தவரோ நொண்டுவதில்லை. உள்ளங்காலின் ஒரே இடத்தில் எடை முழுவதையும் ஊன்றி, புண்ணின்மேலேயே நாள்தோறும் நடப்பார். புண் குழியாகும், சீழ் எலும்பைத் தொடும், இறுதியில் காலையே இழக்க நேரும். களிம்பு எத்தனை தடவினாலும் பயனில்லை.

இதற்குத் துணைநின்றது மாவுக்கட்டு. முறிந்த எலும்புக்கு இடும் அதே கட்டுத்தான். இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால் உள்ளங்கால் புண்களுக்கு இதனை முன்பே பயன்படுத்தியிருந்தார். பாதத்தின் வடிவத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் கட்டு, எடையைப் பாதம் முழுவதற்கும் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதிக்கும் பரப்பிவிடுகிறது. புண்ணின்மேல் விழும் அழுத்தம் குறைகிறது. நோயாளி கட்டோடு நடக்கலாம். சில வாரங்கள் கழித்துப் பிரித்தால் புண் சுருங்கியிருக்கும். ஆறாது என்று கைவிடப்பட்ட சதை, ஓய்வு கிடைத்தவுடன் மற்றவர் சதையைப் போலவே ஆறியது.

ஆறிய கால் மீண்டும் புண்ணாகாதிருக்க நல்ல காலணி வேண்டும். மெழுகு, மரம், நெகிழி எனப் பலவற்றை முயன்றார். நெகிழிக் கலவையைக் கற்றுக்கொள்ள நம் கல்கத்தாவுக்கும் வந்திருக்கிறார். முடிவில் நுண்துளைகள் நிறைந்த மென்ரப்பர் அடித்தளம் உரிய பயனைத் தந்தது. மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தியதும் அவருடைய பெருஞ்செயலே. அவ்வாறு குணமடைந்தோர் தொழில் கற்க வேலூரில் நவஜீவ நிலையம் எழுந்தது. அங்கே பழைய தச்சுக்கலை மருத்துவருக்குக் கைகொடுத்தது.

ஒருமுறை இலண்டனில், நெடும்பயணம் முடித்துக் காலணியைக் கழற்றியபோது தம் குதிகாலில் உணர்வில்லை என்று கண்டார். ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் தொற்றிவிட்டது என்று அஞ்சி, மனைவி மக்களைப் பிரிந்து வாழும் வாழ்வை எண்ணியபடியே உறக்கமின்றி இரவைக் கழித்தார். விடிந்ததும் மீண்டும் குத்தினார், வலித்தது! நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்ததால் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவே. அந்த வலிக்காக அவர் இறைவனுக்கு நன்றி கூறினார்.

1966இல் அமெரிக்காவின் இலூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். நீரிழிவு நோயாளிகளின் பாதங்களும் தாம் திருமணியிலும் வேலூரிலும் கண்ட அதே வகையில் கெடுவதை அங்கே உணர்ந்தார். அங்கும் மரத்த நரம்பே குற்றவாளி. மாவுக்கட்டு அங்கும் பயன்பட்டது. புண் தோன்றும் முன்பே அழுத்தம் மிகும் இடம் சூடாகும் என்பதால், தோலின் வெப்பத்தைக் கையால் தடவியும் கருவிகளால் அளந்தும் எச்சரிக்கும் முறையை அவரும் அவர்தம் குழுவினரும் வளர்த்தனர். கண் மருத்துவரான அவர் மனைவி மார்கரெட், தொழுநோயாளிகளின் பார்வையைக் காக்க வேலூரிலும் கார்விலிலும் உழைத்தார்.

பிராண்ட் 2003ஆம் ஆண்டு சூலைத் திங்களில், எண்பத்தெட்டாம் வயதில் சியாட்டில் நகரில் காலமானார். உணர்விழந்த நீரிழிவுப் பாதத்தின் ஆறாப்புண்ணுக்கு, பாதத்தோடு பொருந்தும் அந்த மாவுக்கட்டு இன்றும் பல நாட்டு மருத்துவமனைகளில் இடப்பட்டு வருகிறது.