ஆறு பிள்ளைகளும் அன்னா அம்மையாரும்

இந்த இதழில் நான் எழுத எடுத்துக்கொண்டது அன்னா ஃபிராய்டு அம்மையாரைப் பற்றி. மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃபிராய்டு பெயரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அவருக்கு ஆறு பிள்ளைகள். கடைக்குட்டிதான் அன்னா.

1895 டிசம்பர் 3-ஆம் நாள் ஆஸ்திரியா நாட்டின் வியன்னாவில் பிறந்தார். முதலில் பள்ளிக்கூட டீச்சர். அப்புறம்தான் அப்பாவின் வழியில் போய், சின்னப் பிள்ளைகளின் மனசு எப்படி வேலை செய்யுதுன்னு ஆராய ஆரம்பித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஃபிராய்டு குடும்பம் யூதக் குடும்பம். அந்த மாதம் 22-ஆம் தேதி ரகசியப் போலீஸ் அன்னாவை விசாரணைக்குக் கூட்டிப் போய்விட்டது. சித்திரவதை செய்தால் விழுங்கிவிடுவதற்கு, குடும்ப டாக்டர் கொடுத்த மாத்திரையை அவர் கூடவே வைத்திருந்தாராம். 81 வயது அப்பா அன்று முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். சாயங்காலம்தான் அன்னா திரும்பி வந்தார். ஜூன் மாதம் குடும்பம் லண்டனுக்குக் கிளம்பிவிட்டது. ஆனால் நாலு வயசான அத்தைமார்களை மட்டும் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. நாலு பேருமே பின்னால் நாஜிக்களிடம் மாட்டி இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இறந்தது டெரசின் என்ற முகாமில். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

ஆக, அன்னா அம்மையாரும் ஒரு அகதிதான். லண்டனுக்கு வந்த அடுத்த வருஷமே அப்பாவும் இறந்துவிட்டார். உலகப் போரில் லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த சமயம், 1941-இல், டோரதி பர்லிங்ஹாம் என்ற தோழியோடு சேர்ந்து ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். அங்கே அவர் கண்டுபிடித்த விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குண்டுச் சத்தத்தைவிட, அம்மாவைப் பிரிஞ்சு இருப்பதுதான் பிள்ளைகளை அதிகமாக வாட்டியது. அதனால் அம்மாக்கள் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம் என்று வைத்தார். யாரும் இல்லாத நேரத்துக்கு, நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு அக்கா என்று சின்னச் சின்னக் குடும்பமாகப் பிரித்தார். உடனே பெரிய சண்டை. என் அக்கா, உன் அக்கா என்று ஒரே பொறாமை, அழுகை. ஆனால் அதுக்கப்புறம்தான் பிள்ளைகள் வேகமாகப் பேசக் கற்றார்களாம். நம்ம ஊர் பால்வாடியிலும் ஒரு ஆயாம்மாவுக்காகப் பிள்ளைங்க சண்டை போடுவதைப் பார்த்திருக்கேன்.

1945-இல் போர் முடிந்தது. ஆகஸ்ட் மாதம் முகாம்களில் உயிர் பிழைத்த சுமார் 300 பிள்ளைகளை விமானத்தில் இங்கிலாந்தின் விண்டர்மியர் என்ற ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஆறு பேர் மூணு வயசுக் குழந்தைகள். மூணு பையன், மூணு பொண்ணு. கைக்குழந்தையாகவே பெற்றோரை இழந்து டெரசின் முகாமுக்கு வந்தவர்கள். அங்கே பார்த்துக்கொண்டவர்களும் கைதிகள்தான். பசியோடு இருந்தவர்கள், அடிக்கடி மாறிப் போனவர்கள். அதனால் யாரும் நிலைத்து இருப்பார்கள் என்பதே இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இவர்களுக்காக சசெக்ஸ் கிராமப்புறத்தில் ஒரு வீட்டை ஒரு வருஷத்துக்குக் கொடுத்தார்கள். வீட்டின் பெயர் புல்டாக்ஸ் பேங்க். நாயைக் கண்டாலே நடுங்குகிற பிள்ளைகள் வந்து சேர்ந்த வீட்டின் பெயரிலேயே நாய்! கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்கள் சோபி டான், கெர்ட்ருட் டான் என்ற சகோதரிகள். இவர்களும் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்கள். அன்னா அம்மையார் மேற்பார்வை செய்தார்.

வந்த முதல் நாட்களிலேயே பிள்ளைகள் பொம்மைகளை எல்லாம் உடைத்துவிட்டார்கள். நாற்காலி மேசையும் தப்பவில்லை. பெரியவர்களைக் கடிப்பது, துப்புவது, அடிப்பது. ஏதாவது வேணும்னா மட்டும் கிட்ட வருவார்கள், கிடைத்ததும் அந்த ஆளே இல்லாத மாதிரி இருப்பார்கள். ஆனால் தங்களுக்குள் அப்படி இல்லை. ஒருத்தர் மாடியில் இருந்தால் மற்றவர் கீழே இருக்க மாட்டார். சாப்பிடும்போது தான் சாப்பிடுவதைவிடப் பக்கத்தில் இருப்பவருக்கு எடுத்துக் கொடுப்பதுதான் முக்கியம். குளிரில் ஒரு பையன் கையுறையைத் தொலைத்துவிட, இன்னொருத்தன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கை விறைக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் வழியில் நாய் வந்தது. ஒரு பையன் அலறுகிறான். ஒரு சிறுமி, அவளே பயத்தில் இருந்தும், அவனிடம் போய் தன் முயல் பொம்மையைக் கொடுத்தாள். இதைப் படிச்சப்ப எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்த ஒட்டுறவை உடைத்து, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகத் திருத்த யாரும் பார்க்கவில்லை. சேர்ந்தே இருக்க விட்டார்கள். கடித்தாலும் துப்பினாலும் அதே ரெண்டு சகோதரிகள் மறுநாள் காலையிலும் அங்கேயே இருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் அவர்களையும் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டில் பங்கு, வேலையில் உதவி. ஜெர்மன் பேசி வந்தவர்கள் ஆங்கிலம் பேசினார்கள். ஒரு வருஷம் முடிந்ததும் லிங்ஃபீல்டில் இருந்த இன்னொரு இல்லத்துக்கு மாறினார்கள். பிறகு சிலரைக் குடும்பங்கள் தத்து எடுத்துக்கொண்டன.

இதையெல்லாம் அன்னா அம்மையாரும் சோபி டானும் சேர்ந்து 1951-இல் கட்டுரையாக எழுதினார்கள். தன் அத்தை இறந்த அதே முகாமிலிருந்து வந்த பிள்ளைகளைப் பார்க்கும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.

1952-இல் குழந்தைகளுக்காக ஹாம்ப்ஸ்டெட்டில் மருத்துவ நிலையம் தொடங்கி, கடைசிவரை அங்கேயே உழைத்தார். 1982 அக்டோபர் 9-ஆம் நாள் லண்டனில் இறந்தார். அகதியாக வந்து குடியேறிய அவர்கள் வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. ஓய்வு நேரத்தில் அவர் துணி நெய்த தறியும் அங்கே இருக்கிறது.

(ஒன்பதாம் வகுப்பு மாணவி)