தம் வழிபாட்டையே கடந்த வள்ளலார்

அன்பு மெய்யாயிருந்தும் அறிவு முதிராதிருத்தல் கூடும் என்பதைத் தம் வாழ்வைக் கொண்டே உணர்த்தியவர் இராமலிங்க அடிகள். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5ஆம் நாள், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாகத் தோன்றினார். குழவிப் பருவத்திலேயே தந்தையை இழந்து, சென்னையில் தமையனார் சபாபதி பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். பள்ளிக் கல்வியில் நாட்டங்கொள்ளாத அச்சிறுவர், கந்தகோட்டத்து முருகன் திருமுன் நின்று பாமாலை தொடுத்தார். பின்னர்த் திருவொற்றியூர் இறைவனும் தில்லைக் கூத்தனும் அவர் பாக்களில் நிறைந்தனர்.

திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867இல் அச்சேறின. அவற்றை அருட்பா எனல் தகாது என்று ஆறுமுக நாவலர் தரப்பினர் மறுத்தெழுதினர். ஆயினும், அப்பாக்களை நாவலரினும் கடுமையாக எடைபோட்ட நடுவர் பின்னர்த் தோன்றினார். அவர் வேறெவருமல்லர், அடிகளேயாவார்.

1867 மே 23ஆம் நாள் வடலூரில் தருமச்சாலை தொடங்கிப் பசித்தோர்க்கு உணவளித்தார். 1872 சனவரி 25ஆம் நாள் சத்திய ஞானசபையை நிறுவி, உருவமின்றி ஒளியை வழிபடச் செய்தார். 1873 அக்டோபர் 22ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றி அன்பர்களிடையே பேசினார். சைவத்தின்மேல் தாம் கொண்டிருந்த பற்று அளவிறந்தது. அதற்குத் தம் பழம் பாடல்களே சான்று. அக்காலத்துத் தம் அறிவு சிறிதாயிருந்தது. அப்பற்றை விட்டதே தம்மை உயர்த்தியது என்று அவர் உரைத்தார். அன்பைப் பொய்யென்றாரல்லர், அதன் எல்லையையே குறையென்றார்.

பண்ணுருட்டிக் குயவர் ஒருவர் அடிகளின் உருவை மண்ணில் வனைந்து பத்தியோடு கொணர்ந்தபோது, அவர் அதனைக் கீழே போட்டுடைத்தார் என்பது செவிவழிச் செய்தி. தம்மை வணங்குவோரையும் அவர் இசைந்து ஏற்கவில்லை.

1874 சனவரி 30ஆம் நாள் சித்திவளாகத்தின் அறையுட் புகுந்து கதவைத் திருக்காப்பிட்டுக் கொண்டார். அதற்குமுன் அங்கிருந்த விளக்கைப் புறத்தே வைத்து, அதனையே வழிபடுமாறு பணித்திருந்தார். அவருடைய முதிர்ந்த நெறியைக் கூறும் ஆறாம் திருமுறை 1885இல்தான் வெளிவந்தது.

தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகின்றது. இல்லந்தோறும் அவர் திருவுருவப் படம் மாலை சூடி விளங்குகின்றது. அவர் கடந்து சென்ற பாடல்களே கந்தகோட்டத்தில் இன்றும் கண்ணீரோடு பாடப்படுகின்றன. பாடுவோர் அன்பில் பிழையில்லை. பாடியவர் சென்ற தொலைவோ பெரிது.