அணுவை ஆராய்ந்த அறிஞர் நீல்ஸ் போர்

அணுவின் படம் வரையச் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? நடுவில் ஒரு புள்ளி இட்டு, அதைச் சுற்றி வட்டங்கள் போட்டு, வட்டங்களின் மேல் எலக்ட்ரான்களைக் குறித்துவிடுகிறோம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. அந்த வட்டங்களை முதலில் கணக்கிட்டவர் யார், அவர் எத்தகைய மனிதர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்தாம் டென்மார்க் நாட்டு மேதை நீல்ஸ் போர். நம் செவியில் அவர் பெயர் யுத்தத்தை நினைவூட்டும். அவரோ வாழ்நாளெல்லாம் மனிதரை ஒன்றுசேர்க்கப் பாடுபட்டவர். அவர் கண்ட உண்மைகளைப் பாடநூல் கூறுகிறது. அவர் எழுப்பிய ஆராய்ச்சி நிலையத்தின் கதையை அது கூறுவதில்லை. அக்கதையையே இங்கே தோழியருக்குச் சொல்ல விழைகிறோம்.

இளமைப் பருவம்

நீல்ஸ் போர் 1885ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் கோபன்ஹேகன் நகரில் பிறந்தார். தந்தை கிறிஸ்டியன் போர் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியர். தாய் எல்லென், யூத குலத்தைச் சேர்ந்த வங்கியாளர் ஒருவரின் மகள். தந்தையின் அறிஞர் நண்பர்கள் வீட்டில் கூடி விவாதிப்பது வழக்கம். அப்போது பிள்ளைகள் ஓரமாக அமர்ந்து, வாய் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த அனுமதியே சிறுவன் நீல்ஸுக்குக் கிடைத்த பெரும் செல்வம் எனலாம். தம்பி ஹரால்டு பிற்காலத்தில் பெரிய கணித அறிஞரானார். 1908 ஒலிம்பிக் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்ற கால்பந்துக் குழுவிலும் ஆடினார். நீல்ஸும் கால்பந்தில் இலக்குக் காவலர்தான்.

இத்தனை திறமை வாய்ந்தவருக்கு ஒரு குறை இருந்தது. எழுதுவது அவருக்குப் பெரும் பாடு. தனியே அமர்ந்து எழுதினால் எண்ணம் ஓடாது. எதிரே ஒருவர் இருந்து கேட்டால்தான் கருத்துத் தெளியும். டாக்டர் பட்டத்துக்கான ஆய்வுரையை அவர் சொல்லச் சொல்ல அன்னையார் எழுதினார். 1912இல் அவரை மணந்த மார்கரெத்தே அம்மையார் பிறகு அப்பணியை ஏற்றார். பேசிப் பேசியே சிந்திப்பது அவர் இயல்பு. இதை நினைவில் வைத்துக்கொண்டால் அவர் வாழ்க்கை முழுவதும் நமக்கு விளங்கும்.

மாடிப்படி போன்ற அணு

1911இல் டாக்டர் பட்டம் பெற்று இங்கிலாந்து சென்றார். ஆங்கிலம் சரளமாக வரவில்லை. டிக்கன்ஸின் நாவலையும் ஓர் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மொழியைக் கற்றார். மறு ஆண்டு மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டிடம் சேர்ந்தார். அணுவின் நடுவே மிகச் சிறிய கரு ஒன்று உண்டு என்பதை ரூதர்ஃபோர்டு அப்போதுதான் கண்டறிந்திருந்தார். ஆனால் அதில் ஒரு பெரிய சிக்கல். கருவைச் சுற்றும் எலக்ட்ரான், அந்நாளைய விதிகளின்படி, ஒளியை வீசி ஆற்றலை இழந்து, கண் இமைக்கும் நேரத்துக்குள் கருவில் விழுந்துவிட வேண்டும். அப்படி விழுந்தால் இந்த மலரின் தாளும் இராது. அதைப் பிடித்திருக்கும் கையும் இராது.

1913இல் நீல்ஸ் போர் துணிவான விடை ஒன்றைக் கூறினார். மாடிப்படியில் நாம் ஒரு படியில் நிற்கலாம், அடுத்த படியில் நிற்கலாம். இரண்டுக்கும் நடுவே நிற்க முடியாது. எலக்ட்ரானும் குறிப்பிட்ட சில படிகளில் மட்டுமே இருக்கும். மேல் படியிலிருந்து கீழ்ப்படிக்குத் தாவும்போது, இரு படிகளின் ஆற்றல் வேறுபாடு ஒளியாக வெளிப்படும். ஹைட்ரஜன் வாயு வீசும் ஒளியை முப்பட்டகத்தின் வழியே பார்த்தால் சிவப்பு, நீலப்பச்சை, ஊதா எனத் தனித்தனிக் கோடுகள் தெரியும். அக்கோடுகளுக்குரிய கணக்கை பால்மர் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு ஆசிரியர் கண்டுபிடித்து வெளியிட்டது 1885இல், அதாவது நீல்ஸ் பிறந்த ஆண்டில். கணக்கு இருந்தது; காரணம் தெரியவில்லை. அக்காரணத்தை நீல்ஸ் போரின் படிகள் விளக்கின.

நிலையம் எழுந்தது

1916இல் தாயகம் திரும்பிப் பேராசிரியரானார். ஆராய்ச்சிக்குத் தக்க இடமில்லை. 1917இல் தனி நிலையம் வேண்டுமெனப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். அரசும் உதவியது, நண்பர்கள் பணம் திரட்டி நிலம் வாங்கித் தந்தனர். யுத்த காலத்து விலையேற்றத்தால் செலவு கூடிக்கொண்டே போயிற்று. கட்டட வரைபடத்தை அவரே மீண்டும் மீண்டும் திருத்தி, உடல் நலியும் அளவுக்கு உழைத்தார். 1921ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், பிளெக்டம்ஸ்வெய் என்ற வீதியில் கோட்பாட்டு இயற்பியல் நிலையம் திறக்கப்பட்டது. போர் குடும்பத்தினர் அதன் மேல்மாடியிலேயே குடியிருந்தனர்.

பெயர் கோட்பாட்டு நிலையமேயாயினும், அதில் சோதனைக் கூடமும் இருந்தது. எண்ணுபவரும் சோதிப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. அதுவரை கண்டறியப்படாத 72ஆம் தனிமம் சிர்கோனியத்தைப் போல இருக்கும் என்று கோட்பாட்டினால் அவர் கருதினார். அங்கே பணியாற்றிய கோஸ்டரும் ஹெவெசியும் சிர்கோனியக் கனிமங்களில் தேடி அதைக் கண்டுபிடித்தனர். 1922 டிசம்பரில் நோபல் பரிசு பெற ஸ்டாக்ஹோம் சென்ற நீல்ஸ் போர், தம் உரையிலேயே அச்செய்தியை உலகுக்கு அறிவித்தார். கோபன்ஹேகனின் லத்தீன் பெயரைக் கொண்டு அத்தனிமத்துக்கு ஹாஃப்னியம் என்று பெயரிட்டனர்.

கேள்வி கேட்டவருக்கு வரவேற்பு

1922 ஜூன் மாதம் ஜெர்மனியில் காட்டிங்கன் நகரில் நீல்ஸ் போர் தொடர் சொற்பொழிவு நிகழ்த்தினார். மூத்த பேராசிரியர்கள் நிறைந்த அவையில் 20 வயது மாணவர் ஒருவர் எழுந்து, அவர் கூறிய ஒன்றில் ஐயம் எழுப்பினார். நம் வகுப்பில் இப்படி நடந்தால் என்ன ஆகுமோ! நீல்ஸ் போரோ, கூட்டம் முடிந்ததும் அந்த இளைஞரைத் தேடிச் சென்று, அன்று மாலையே தம்முடன் மலைப்பாதையில் உலாவ அழைத்தார். பிறகு கோபன்ஹேகனுக்கும் அழைத்தார். அவர்தாம் வெர்னர் ஹைசன்பர்க். மூன்றே ஆண்டுகளில், அணுவின் பழைய வட்டப்பாதைகளைக் கைவிட்டுப் புதிய குவாண்டம் இயக்கவியலுக்கு அடிகோலியவரும் அவரே. தாம் வரைந்த படத்தை மாற்றி எழுதும் இளைஞரைத் தாமே தேடிப் பிடித்து வளர்த்தார் நீல்ஸ் போர். இதனினும் பெரிய ஆசிரியப் பண்பு வேறு உண்டோ?

இவ்வாறு பவுலி, டிராக், லாண்டாவ், கேமோ எனப் பல இளைஞர்கள் அங்கே வந்தனர். ஜப்பானிலிருந்து வந்த நிஷினா பல ஆண்டுகள் தங்கிப் பயின்று, தம் நாட்டில் அணு ஆராய்ச்சியை வளர்த்தார். கரும்பலகையின் முன் மணிக்கணக்கில் வாதம் நடக்கும். அலுத்தால் நூலக அறையில் மேஜைப்பந்து ஆடுவர். 1926 அக்டோபரில் ஷ்ரோடிங்கர் விருந்தினராக வந்தார். ஓயாத விவாதத்தில் அவருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. மார்கரெத்தே அம்மையார் தேநீரும் பணியாரமும் கொடுத்துப் பராமரிக்க, நீல்ஸ் போர் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து வாதத்தைத் தொடர்ந்தாராம்!

அவர் தவறியதும் உண்டு. ஆற்றல் அழியாமை விதி அணுவுக்குள் சராசரியாக மட்டுமே செல்லும் என்று 1924இல் இருவரோடு சேர்ந்து எழுதினார். அடுத்த ஆண்டே சோதனைகள் அதைப் பொய்யாக்கின. சாக்குப்போக்குச் சொல்லாமல் தவற்றை ஏற்று, அக்கருத்தைக் கைவிட்டார். ஐன்ஸ்டீனோடு பல்லாண்டு வாதிட்டார். இருவரும் ஒத்துப்போகவே இல்லை. ஆனால் நட்பில் ஒரு கீறலும் விழவில்லை.

அடைக்கலம் தந்த நிலையம்

1933இல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத அறிஞர்கள் வேலை இழந்து வீதிக்கு வந்தனர். நீல்ஸ் போர் அகதி அறிஞர்களுக்கான உதவிக் குழுவில் சேர்ந்தார். ஃபிராங்க், ஃபிரிஷ், ஹெவெசி முதலியோர் அவரிடம் வந்து சேர்ந்தனர். அடுத்த ஆண்டு அவர் குடும்பத்திலேயே பேரிடி விழுந்தது. படகுப் பயணத்தில் மூத்த மகன் கிறிஸ்டியன், தந்தையின் கண் முன்பே கடலில் மூழ்கி மாண்டார். அத்துயரையும் தாங்கிக்கொண்டு பணியைத் தொடர்ந்தார்.

1938இல் லீஸ மைட்னர் அம்மையார் ஜெர்மனியிலிருந்து தப்பி சுவீடன் சென்றார். அவருக்குத் துணை நின்றவர்களுள் நீல்ஸ் போரும் ஒருவர். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், சகோதரி மகன் ஃபிரிஷுடன் பனியில் நடந்து சென்ற அம்மையார், வழியில் அமர்ந்து காகிதத் துண்டில் கணக்கிட்டார். யுரேனியக் கரு இரண்டாகப் பிளவுபடுகிறது என்பது தெளிவாயிற்று. கோபன்ஹேகன் திரும்பிய ஃபிரிஷ் இதைக் கூற, இத்தனை காலம் இது தோன்றவில்லையே என்று நீல்ஸ் போர் நெற்றியில் அடித்துக்கொண்டார். 1939 ஜனவரியில் அந்த நிலையத்திலேயே ஃபிரிஷ் சோதனை செய்து அதை உறுதிப்படுத்தினார். அணுப்பிளவுக்கான நோபல் பரிசு அம்மையாருக்கு வழங்கப்படவில்லை. ஆயினும் 109ஆம் தனிமம் இன்று மைட்னீரியம் என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை டென்மார்க்கைக் கைப்பற்றியது. ஃபிராங்க், லாவே என்னும் இரு ஜெர்மானிய அறிஞர்களின் தங்க நோபல் பதக்கங்கள் நிலையத்தில் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தன. ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது அப்போது கடுங்குற்றம். பதக்கத்திலோ பெயர் பொறித்திருந்தது! ஹெவெசி அவற்றை இராஜதிராவகத்தில் கரைத்து, குப்பியை அலமாரியில் வைத்துவிட்டார். படையினர் தேடினர், குப்பியைக் கவனிக்கவில்லை. யுத்தம் முடிந்ததும் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுத்து அனுப்பினர். அதிலிருந்தே பதக்கங்கள் மீண்டும் வார்க்கப்பட்டன. நீல்ஸ் போர் தம் சொந்தப் பதக்கத்தை ஃபின்லாந்து மக்களின் துயர் துடைக்க முன்னரே ஏலத்துக்குக் கொடுத்துவிட்டார்.

1943 செப்டம்பர் இறுதியில், தம்மையும் கைது செய்யப்போவதை அறிந்து, துணைவியாருடன் இரவில் படகேறி சுவீடன் சேர்ந்தார். தாம் தப்பியது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. டென்மார்க்கின் யூதர்களுக்கு அடைக்கலம் தருவதாக வெளிப்படையாக அறிவிக்கும்படி சுவீடன் மன்னரையும் அமைச்சர்களையும் வற்புறுத்தியவர்களுள் அவரும் ஒருவர். வானொலியில் அறிவிப்பு வந்தது. மீனவர் படகுகளில் 7,000க்கும் மேற்பட்டோர் கடல் கடந்து உயிர் பிழைத்தனர்.

நிறைவேறாத ஆசை

பின்னர் அவர் போர் விமானம் ஒன்றின் குண்டு அறையில் படுத்தபடி இங்கிலாந்துக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் சென்றார். அணுகுண்டு வேலையில் ஆலோசகராக இருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஹிட்லர் முந்திக்கொள்வாரோ என்ற அச்சம் அன்று எல்லோருக்கும் இருந்தது. ஆனால் குண்டு வெடிக்கும் முன்பே அதற்குப் பின் வரப்போகும் ஆபத்தை அவர் கண்டார். நாடுகள் இரகசியமாகப் போட்டியிட்டால் உலகமே அழியும். ஒளிவு மறைவின்றி ஒன்றையொன்று நம்ப வேண்டும் என்று 1944இல் சர்ச்சிலிடமும் ரூஸ்வெல்ட்டிடமும் நேரில் எடுத்துரைத்தார். சர்ச்சில் செவி சாய்க்கவில்லை. அவர் மீதே ஐயம் கொண்டார். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தன. 1950 ஜூன் 9ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அதே கருத்தைப் பகிரங்கக் கடிதமாக எழுதினார். அம்மாதமே கொரியா யுத்தம் மூண்டது. அவர் குரல் அதில் அமிழ்ந்துபோயிற்று.

தம் நிலையத்தில் எது நடக்கக் கண்டாரோ, அதையே அவர் உலகத்துக்கும் வேண்டினார். பல நாட்டவர் ஒரே கரும்பலகையின் முன் நின்று, மனத்தில் உள்ளதை மறைக்காமல் பேசி, தவறியபோது ஒப்புக்கொண்டு, நண்பர்களாகவே பிரிந்தார்கள். சிறு நிலையத்தில் முடிந்தது நாடுகளிடையே முடியவில்லை. இதை அவரது தோல்வி என்பதா, உலகத்தின் தோல்வி என்பதா?

சென்னையில் விழுந்த விதை

1960 ஜனவரியில் நீல்ஸ் போர் இந்தியா வந்தபோது சென்னைக்கும் வந்தார். பேராசிரியர் அல்லாடி இராமகிருஷ்ணன் தம் இல்லத்தில் மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தி வந்தார். வீட்டுக் கூடத்தில் நடந்த அம்முயற்சியைக் கண்ட முதியவர் மனமாரப் பாராட்டினார். அப்பாராட்டு பலரது கவனத்தை ஈர்த்தது. அரசின் ஆதரவும் கூடிவர, 1962 ஜனவரி 3ஆம் நாள் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தோன்றியது. இன்றும் தரமணியில் அது சிறப்புடன் விளங்குகிறது.

அதே ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் நீல்ஸ் போர் தம் இல்லத்தில் காலமானார். அவர் மகன் ஆகே 1975இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 1965இலிருந்து கோபன்ஹேகன் நிலையம் நீல்ஸ் போர் நிலையம் என்றே வழங்கி வருகிறது. இறப்பதற்கு முன்தினம் மாலை அவர் தம் அறைக் கரும்பலகையில் ஒரு படம் வரைந்திருந்தார். அது 30 ஆண்டுகளுக்கு முன் ஐன்ஸ்டீன் தம்மை மடக்குவதற்காகக் கேட்ட கேள்வியின் படம். அக்கேள்விக்கு அவர் அன்றே விடை கூறியிருந்தார். ஐன்ஸ்டீனும் மறைந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் நண்பரின் கேள்வியை அவர் மதித்து, மீண்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்புத் தோழியரே! ஐயத்தை வாய்விட்டுக் கேட்க நமக்கு ஏன் கூச்சம்? தவறு என்று தெரிந்த பின்னும் பிடிவாதம் எதற்கு? அடுத்த முறை அணுவின் வட்டங்களை வரையும்போது, தம் வட்டங்களை அழிக்க வந்த இளைஞரை அன்போடு அழைத்துச் சென்ற அப்பெரியாரைச் சற்றே நினைத்துக்கொள்வோமாக.